லிப்டுக்குள் அகப்பட்ட தீவு

‘பழுது. பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதிய அட்டையை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்த்து முடிப்பதற்குள் சின்னவன் தாராளமாகக் கொட்டாவி விட்டு முடித்திருந்தான்.

“அண்ணி, மூணே மூணு வார்த்தை. நீங்க காவியம் படிக்கிற மாதிரி படிக்கிறீங்க.”

“மேல் மாடியில, இதே லிப்ட் வாசல்ல, இந்த அட்டை இருந்ததா?”

“இல்ல.”

“அதுக்கு மேல?”

“அங்கே நான் மூச்சு வாங்கிட்டிருந்தேன். ஆனா அங்கேயும் இல்ல.”

“ரிப்பேர்க்காரன் மாட்டினா எல்லா மாடியிலயும் மாட்டுவான். அடித்தளத்துல மட்டும் மாட்டியிருக்குன்னா லிப்ட் கெட்டுப்போகலடா. இங்கேர்ந்து யாரும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு ஒருத்தருக்கு ஆசை.”

சின்னவனுக்கு அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது.

அண்ணி வெளிக்கதவை இழுத்தாள். உள்ளே இரும்புக் கம்பிக் கதவு ஒரு விரல் அளவு திறந்தே இருந்தது. அது சரியாக மூடாவிட்டால் மேலே இருப்பவர்கள் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் சாமான் லிப்ட் அசையாது. உள்ளே ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் சாக்குத்துணி போர்த்திய ஏதோ ஒன்று. அண்ணி துணியை விலக்கினாள்.

நாடே தேடிக்கொண்டிருந்த கல்!

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் கொஞ்ச காலமாக இரண்டு நாடுகள் இரண்டு தீவுகளுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பெரிய தீவு, இன்னொன்று சின்னத் தீவு, நடுவே ஒடுக்கமான ஒரு கால்வாய். ராஜா காலத்திலிருந்தே எங்கள் ஜனங்கள் அங்கே வலை காயப்போட்டார்கள் என்றது நம் தரப்பு. வலை காய்ந்தால் ஆட்சி ஆகிவிடுமா, கலங்கரை விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வரி வாங்கியவர்கள் நாங்கள் என்றது எதிர்த்தரப்பு. நம்மவர்கள் பழைய உடன்படிக்கையைத் தூக்கிக் காட்டினால், அதில் தீவின் பெயரைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றார்கள் அவர்கள். நடுவர் குழு ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. தகராறு தொடங்கிய பிறகு யார் போய்க் கொடி நட்டாலும் கோட்டை கட்டினாலும் செல்லாது. அதற்கு முன்னால் நடந்ததுதான் பேச்சு.

இரண்டு தரப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வில், பெரிய தீவின் கலங்கரை விளக்கத்தடியில் ஒரு கல்லறைக் கல் அகப்பட்டது. நம் அரசு நியமித்த விளக்குக் காவலர் ஒருவரின் பெயர், அவர் இறந்த ஆண்டு. தகராறு தொடங்குவதற்கு வெகு காலம் முந்தைய ஆண்டு! நம்மவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லின் கீழ்ப்பாதியில் சுண்ணாம்பும் சிப்பியுமாக ஏதோ படிந்திருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனுக் கொடுத்தது. சுரண்டுவதாக இருந்த அன்று காலை, அடித்தளத்திலிருந்த சான்றுப் பொருள் அறையில் கல் இருந்த இடத்தில் காலிப் பெட்டிகள்தான் இருந்தன.

முதல்நாள் மாலை அந்த அறைக்குள் கடைசியாகப் போனவர்கள் நம் தரப்புப் பெரிய வக்கீலும், எதிர்த்தரப்பு மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியும். கல் நமக்குச் சாதகமானது. ஆகவே பழி அந்தப் பெண் தலையில் விழுந்தது. மண்டபத்துக்கு வெளியே ஒரு நாற்காலியில், பக்கத்தில் காவலரோடு அவளை உட்கார வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டாள். காவலர் காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்தார். போகிற போக்கில் சின்னவன் அதைப் பார்த்துவிட்டான்.

கல்லைக் கண்டுபிடிக்கத் துப்பறிபவளான அண்ணியை அழைத்தவர் பெரிய வக்கீல்தான். அவள் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அவள் கணவன், சின்னவனின் கூடப்பிறந்த அண்ணன், படகோட்டி. அந்தத் தீவுப் பக்கம் எல்லை தாண்டியதாக எதிர்த்தரப்பு ரோந்துப் படகு பிடித்துக்கொண்டு போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. தீவு நம்முடையது என்று தீர்ப்பானால் சுற்றியுள்ள கடலும் நம்முடையது. நம் கடலில் பிடித்தவனை அவர்கள் சிறையில் வைத்திருக்க முடியாது. அதற்காகவே அவளும் சின்னவனும் தினமும் மண்டபத்தில் உட்கார்ந்து விசாரணையைக் கேட்டு வந்தார்கள்.

“அண்ணன் வந்தாச்சுன்னு வெச்சுக்குங்க அண்ணி!” சின்னவன் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினான். “கல்லை நேரா மண்டபத்துல கொண்டுபோய் நிறுத்துவோம். கைதட்டு எனக்கு, மாலை உங்களுக்கு.”

பட்டனை அமுக்கினான். லிப்ட் முனகிக்கொண்டே ஏறியது. ஒரு மாடி தாண்டியது. அடுத்த மாடிக்குப் பாதி வழியில், யாரோ கழுத்தைப் பிடித்தது போல நின்றது. விளக்கு அணைந்தது.

“அட்டை பொய் சொல்லலையோ?” என்றான் சின்னவன். குரல் அவனுடையதாகவே இல்லை.

அண்ணி கைவிளக்கைப் போட்டாள். மூன்று பக்கமும் தகரம், எதிரே கம்பிக் கதவு, அதற்கு அப்பால் செங்கல் சுவர். நெற்றிக்கு மேலே மட்டும், அடுத்த மாடிக் கதவின் அடிப்பாகம் ஒரு முழ உயரத்துக்குத் தெரிந்தது. கைபேசியில் சிக்னல் செத்துக் கிடந்தது. அவசர மணியை அமுக்கினாள். சத்தமில்லை.

சின்னவன் கத்தினான். தகரத்தில் குத்தினான். குத்தியது அவன் காதுக்கே திரும்பி வந்ததுதான் மிச்சம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் நெருங்கி வருவது போலிருந்தது.

“அண்ணி, காத்து வருதா?”

“வருது.”

“எங்கேர்ந்து?”

“உன் வாயிலேர்ந்து. கொஞ்சம் மூடினா எனக்கும் மிஞ்சும்.”

கையைச் சும்மா வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக் கல்லின் கீழ்ப்பாதியைச் சுரண்ட ஆரம்பித்தான். அண்ணி தடுக்கவில்லை. கடல் பல வருஷமாகப் படிய வைத்த சுண்ணாம்பு கல்லாகவே மாறியிருக்க வேண்டும். இதுவோ பூச்சு வேலை போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே எழுத்து தெரிந்தது.

“‘பெரிய தீவில் மரித்தார்.’ பாவம் மனுஷன்” என்றான் சின்னவன்.

அண்ணி மண்டியிட்டாள். விரலால் அந்த வரியைத் தடவினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“முந்தாநாள் அவங்க வக்கீல் மண்டபத்துல ஒரு கடல் வரைபடம் காட்டினாரே, ஞாபகம் இருக்கா?”

“நல்ல தூக்கத்துல இருந்தேன். இருந்தாலும் ஞாபகம் இருக்கு. பழைய கப்பல்காரங்க வரைஞ்சது. அதுல ஒரே தீவுதான் இருந்தது.”

“பெரும்புயல்ல நடுவே பிளந்து கால்வாய் ஆனப்புறம்தான் ரெண்டு தீவு. அந்தப் புயல் எப்போ வந்தது? கல்லுல இருக்கிற வருஷத்துக்கு ரொம்பப் பின்னாடி.”

“அதனால?”

“நீ பிறக்கிறதுக்கு முன்னாடி உங்கண்ணனை யாராவது பெரியவன்னு கூப்பிட்டிருப்பாங்களா?”

சின்னவன் அந்த வரியை மறுபடி படித்தான். சின்னது என்று ஒன்று இல்லாதபோது பெரியது ஏது?

“அப்போ... இது போலி.”

“போலி. இதைச் செஞ்சவங்களுக்கே தீவு ஒரு காலத்துல ஒண்ணா இருந்தது தெரியாது. வரைபடத்தைப் பார்த்தப்புறம்தான் தப்பு தெரிஞ்சிருக்கு. படிவைச் சுரண்டினா இந்த வரி வெளியே வரும், மானம் போகும். அதனால கல்லு காணாமப் போச்சு. இதை ஒளிச்சது எதிர்த்தரப்பு இல்லடா. நம்ம ஆளு.”

அப்போது லிப்டின் மூலையில், பட்டன்களுக்கு மேலிருந்த சிறிய ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஹலோ... உள்ளே யாராவது இருக்கீங்களா?”

பழக்கமான குரல். பெரிய வக்கீல்! சின்னவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரே தாவாகத் தாவிப் பேசும் பட்டனை அழுத்தினான்.

“சார்! நாங்கதான் சார்! கல்லு கிடைச்சிடுச்சு சார், எங்களோடதான் இருக்கு! ஆனா அது...”

அண்ணியின் கை அவன் வாயைப் பொத்தியது. தாமதமாகிவிட்டது.

ஒலிபெருக்கியில் அதே குரல், அவசரமே இல்லாமல் கேட்டது:

“கீழே இருக்கிற வரியைப் படிச்சிட்டீங்களா?”

அண்ணி அவன் கையை விலக்கித் தானே பட்டனை அழுத்தினாள்.

“படிச்சிட்டோம் சார். முந்தாநாள் அந்த வரைபடத்தைக் காட்டினப்போ நீங்க எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. வயித்து வலின்னு ஒத்திவைப்பு கேட்டீங்க. எதிர்த்தரப்பு தும்மினாக்கூட ஆட்சேபணை சொல்ற ஆளாச்சேன்னு அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும்.”

“கெட்டிக்காரங்கம்மா நீங்க. மாடியில நிக்கிறப்போ இந்த லிப்டோட விளக்கு எரியறதைப் பார்த்தேன். சுவிட்ச் அறைக்கு ஓடி வர வேண்டியதாப் போச்சு, இந்த வயசுல.” அவர் மூச்சு வாங்குவது கேட்டது. “அந்தப் பொண்ணு நேத்து சாயங்காலம் காமிரா எடுக்க மாடிக்குப் போனா. கல்லை லிப்டுக்குள்ள தள்ளிட்டு, அது இருந்த இடத்துல துணிக்கு அடியில காலிப் பெட்டிகளை வெச்சேன். திரும்பி வந்து அவளே பூட்டினா. அவ்வளவுதான்.”

“கல்லு இல்லாம எப்படி ஜெயிப்பீங்க?”

“இல்லாமதான் ஜெயிக்கணும். சாயங்காலத்தோட சான்று விசாரணை முடியுது. கல்லைத் திருடினது எதிர்த்தரப்புன்னு ஆனா, கல்லு என்ன சொல்லியிருக்குமோ அது அவங்களுக்கு எதிரானதுன்னுதான் குழு எடுத்துக்கும். அதுதான் சட்டம். புகைப்படமே போதும், அதுல கீழ் வரி தெரியாது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லம்மா. கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருங்க. அப்புறம் நானே இறக்கி விடறேன். நீங்க எதையும் பார்க்கல.”

“பார்த்துட்டோமே.”

“உங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வர வேண்டாமா?”

அண்ணியின் விரல் பட்டனிலிருந்து நழுவியது. எத்தனையோ பேருடைய பொய்யை முகத்துக்கு நேரே உடைத்தவள் அவள். இப்போது கைவிளக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படித் தளர்ந்து சின்னவன் பார்த்ததே இல்லை.

“ஊர்ல எத்தனையோ துப்பறியறவங்க இருக்க என்னை ஏன் கூப்பிட்டார்னு இப்பத்தான் புரியுது” என்றாள் மெதுவாக. “கண்டுபிடிச்சாலும் வாயைத் திறக்க முடியாத ஆளாப் பார்த்துப் பிடிச்சிருக்கார்.” அவள் சின்னவனை நிமிர்ந்து பார்த்தாள். “என்னால முடிவு எடுக்க முடியல தம்பி. அவர் உன் கூடப்பிறந்தவர். நீ சொல்லு.”

சின்னவனுக்கு உடனே ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடினால் அண்ணன் வாசலில் வந்து நிற்கிறான். திறந்தால் தகரம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அண்ணன் வந்துவிடுவான். உட்காருவதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா? ஆனால் அந்த நாற்காலிப் பெண்ணும் உட்கார்ந்துதான் இருக்கிறாள். அவள் எழுந்திருக்கப் போவது சிறைக்குத்தான்.

“அண்ணன் வந்ததும் முதல்ல என்ன கேட்பான் தெரியுமா?” என்றான். “‘எப்படிடா ஜெயிச்சோம்’னு கேட்பான். நான் என்ன அண்ணி சொல்லட்டும்?”

அண்ணி கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தள்ளுவண்டியின் இரும்புக் கைப்பிடியைத் திருகிக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

“கம்பிக் கதவை நெம்பு. அந்த மாடிக் கதவுக்கு உள்பக்கமா ஒரு கொக்கி இருக்கும், அதைத் தள்ளினா திறக்கும். அந்தச் சந்துல நீ நுழைஞ்சிடுவே. நான் நுழைய மாட்டேன்.”

“நீங்க?”

“நான் கல்லோட இருக்கேன். ரெண்டு பேரும் போயிட்டா இந்த வரி இருக்காது.”

“பாதி உடம்பு வெளியே இருக்கிறப்போ அவர் சுவிட்சைப் போட்டா?”

“போடாம நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் பேசும் பட்டனை அழுத்தினாள். குரலில் ஓர் அழுகையைக் கலந்துகொண்டாள். “சார்... நாங்க உட்கார்ந்திருக்கோம். ஆனா வாய் வார்த்தையை நம்பி நான் எப்படி இருக்கிறது? அவரை எப்போ விடுவாங்க?”

“தீர்ப்பு வந்த அன்னிக்கேம்மா.”

சின்னவன் நெம்பினான். கம்பிக் கதவு கிறீச்சிட்டது.

“என்ன சத்தம் அது?”

“கொழுந்தன் சார். பயத்துல பல்லைக் கடிக்கிறான்.”

சின்னவன் அந்த நிலைமையிலும் அண்ணியை ஒரு முறை முறைத்தான். தள்ளுவண்டியில் ஏறிக் கொக்கியைத் துழாவினான். துருவேறிய கொக்கி முதலில் மசியவில்லை. உள்ளங்கை கிழிந்த பிறகுதான் வழிவிட்டது. கதவு திறந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தலையை விட்டான். தோளை விட்டான். இடுப்பு மாட்டிக்கொண்டது.

முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வயிற்றுக்குக் கீழே மாடித் தரை, முதுகுக்கு மேலே லிப்டின் கூரை விளிம்பு. இந்த நொடியில் சுவிட்சைப் போட்டால் லிப்ட் எந்தப் பக்கம் நகரும்? எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவன் இரண்டாகிவிடுவான். உள்ளே அண்ணி பேசிக்கொண்டே இருந்தாள். அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறதாம், விடுதலைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். பெரிய வக்கீல் பொறுமையாகப் பதில் சொன்னார். சின்னவன் மூச்சை முழுக்க வெளியே விட்டான். பெல்ட்டை அவிழ்த்தான். பாம்பு போல நெளிந்தான். பேன்ட் ஒரு பக்கம் கிழிந்தது. வெளியே விழுந்தான்.

எழுந்து படியேறி ஓடினான். நாற்காலிப் பெண்ணையும் காவலரையும் தாண்டி மண்டபக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். எல்லாத் தலைகளும் திரும்பின. பேன்ட்டை ஒரு கையால் பிடித்திருந்தான். மறு கையில் ரத்தம்.

நடுவர் குழுத் தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவர் கேட்டதை ஒருவர் மொழிபெயர்த்தார்: “நீங்கள் எந்தத் தரப்புச் சாட்சி?”

“லிப்ட்ல மாட்டிக்கிட்ட தரப்பும்மா” என்றான் சின்னவன். “கல்லு அங்கே இருக்கு. அது போலி. நாங்கதான் செஞ்சோம். நாங்கன்னா... எங்க தரப்பு.”

சொல்லி முடித்ததும் அண்ணனைத் தன் கையாலேயே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சுவிட்ச் அறையிலிருந்து பெரிய வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினார். லிப்டை மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார்கள். அண்ணி கல்லுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைவி குனிந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். அண்ணி விளக்கியதை மொழிபெயர்க்கக் கேட்டதும் அவர் வாயோரம் துடித்தது.

“இந்தக் கல் தீவுக்கு எப்படிப் போனது?” என்று பெரிய வக்கீலைக் கேட்டார்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

“நான் ஒன்று சொல்ல வேண்டும்.” காவலரோடு வந்து நின்றிருந்த எதிர்த்தரப்பு மொழிபெயர்ப்பாளர் முன்னால் வந்தாள். நம் மொழியை அவள் புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே பேசினாள். “எங்கள் சிறையில் ஒரு படகோட்டி இருக்கிறார். அவர் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவள் நான். ‘கல்லை இறக்கிட்டுத் திரும்பும்போது பிடிச்சிட்டாங்க’ என்றார். உங்கள் படகுக்காரர்கள் நங்கூரத்தையும் கல் என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் நங்கூரம் என்று எழுதிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ‘கல்லும்மா, கல்லு, ஒரு பெரிய மனுஷன் கொடுத்தனுப்பின கல்லு’ என்றார். எனக்கு விளங்கவில்லை. இப்போதுதான் விளங்குகிறது.”

“கையில ஏதாவது பச்சை குத்தியிருக்கா அவருக்கு?” சின்னவன் கேட்டான்.

“முழங்கையில். கத்திரிக்காய் போல ஏதோ ஒன்று.”

“கத்திரிக்காய் இல்லங்க. அது திமிங்கிலம். குத்தினவன் ஒழுங்காக் குத்தல.”

அண்ணி மெதுவாகப் பெரிய வக்கீல் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. கை ஓங்கவில்லை. “உள்ளே அனுப்பினதும் நீங்க, வெளியே கொண்டுவர்றேன்னு விலை பேசினதும் நீங்க” என்று மட்டும் சொன்னாள். அவருடைய ஜூனியர்கள் ஒவ்வொருவராக அவரை விட்டு ஒரு அடி நகர்ந்து நின்றார்கள்.

தலைவி எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஏதோ சொன்னார். அவர் தயங்கினார். தலைவி குரலை உயர்த்தாமல் அதையே இன்னொரு முறை சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் தலையாட்டினார். மொழிபெயர்ப்பாளர் அண்ணியிடம் வந்தாள்.

“அந்தப் படகோட்டி இந்த மண்டபத்துக்குச் சாட்சியாக வந்தாக வேண்டுமாம். குழுவின் பாதுகாப்பில். சாட்சி சொல்லி முடிக்கும்வரை யாரும் அவரைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.”

காலையிலிருந்து விதவிதமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அண்ணிக்கு இப்போது ஒரு கேள்வி கேட்க வெகுநேரம் பிடித்தது.

“ஒழுங்கா சாப்பிடறாரா?”

அந்தப் பெண் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “சாப்பிடுகிறார். ஆனால் தினமும் சமையல்காரரோடு சண்டை. உப்பே போடுவதில்லையாம். அந்தச் சண்டையையும் நான்தான் மொழிபெயர்க்கிறேன்.”

அண்ணி தள்ளுவண்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சின்னவன் பேன்ட்டைப் பிடித்தபடியே போய்ப் பக்கத்துக் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துவந்தான். அண்ணி கை நீட்டினாள்.

“இருங்க அண்ணி, உங்களுக்கு அடுத்தது” என்று சொல்லிவிட்டு, தம்ளரை அந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தான்.